சித்தப்பாவின் கண்ணில் பீளை

அக்காவைக் கைபிடித்து அந்தப் பழைய கட்டடத்துக்குள் நான் அழைத்துப்போனது நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான். வாசற்படியில் யாரோ பால் பாக்கெட்டைத் தவறவிட்டிருந்தார்கள். பால் திரிந்து படியோரம் கட்டிகட்டியாக நிற்க, ஈக்கள் அதன்மேல் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தன. அக்கா அதைத் தாண்டிக் கால் வைத்து, என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தாள். வாயின் வலது ஓரம் மட்டும் சிரிக்கவில்லை.

"அது," என்றாள்.

பக்கவாதம் அவளிடம் விட்டுவைத்திருந்த ஒரே வார்த்தை அது. தண்ணீர் கேட்டாலும் "அது", கோபம் வந்தாலும் "அது". புத்தி துளியும் மங்கவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் உள்ளே முட்டிமோதிக்கொண்டு நின்றது, வெளியே வர வழிதான் இல்லை. நோய்க்கு முன்பு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிற வேலை அவளுக்கு. அந்தப் பக்கம் யாராவது கதறினால், "பதறாதீங்க, நான் லைன்லதான் இருக்கேன், மெதுவா சொல்லுங்க" என்பாள். அந்தக் குரலுக்கே பாதி உயிர் திரும்பிவிடும் என்று சொல்வார்கள். அம்மா போன பிறகு என்னை வளர்த்ததும் அந்தக் குரல்தான். நான் சதா கையைக் கழுவிக்கொண்டே இருப்பேன் என்று எனக்கு "சோப்பு" என்று பெயர் வைத்தவளும் அவள்தான். நோய் வந்த பிறகு என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று.

நான் விழித்திரையைப் படம் பிடிப்பவள். கண்ணுக்கும் மூளைக்குமான ஆராய்ச்சிப் பிரிவில் வேலை. அந்த வாரம்தான் எங்களை மருத்துவமனையின் பின்புறக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அது முன்பு சலவைக்கூடமாக இருந்த இடம். நோயாளிகளின் போர்வையும் பஞ்சும் ரத்தத் துணியும் வெந்த இடம். எத்தனை சுண்ணாம்பு அடித்தும் சுவர் காயவில்லை. தரையின் நடுவே ஒரு சாக்கடைத் துவாரம். அதிலிருந்து ஈரத்துணியை மூட்டைகட்டி மறந்துபோன நாற்றம் வந்துகொண்டே இருந்தது.

"அழகான வேலை," என்று பெரிய டாக்டர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வெட்டாமல் கிழிக்காமல் ரத்தக் குழாயை நேரில் பார்க்க உடம்பில் ஒரே ஒரு ஜன்னல்தான் உண்டு, அது கண்ணின் பின்சுவர். அங்கே ஓடும் குழாய்களும் மூளைக்குள் ஓடும் குழாய்களும் ஒருவயிற்றுப் பிள்ளைகள். இங்கே ஒன்று சுருங்கினால் அங்கேயும் ஏதோ நடக்கிறது என்று பொருள். பக்கவாதத்தையும் மறதி நோயையும் முன்கூட்டியே கண்ணில் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகைப் பார்க்கும் முன்னால் மனிதர்கள் தாடையைத் தாங்கியில் வைக்க வேண்டுமே! எச்சில், வியர்வை, முகப்பவுடர் கரைந்த குழம்பு. நெற்றிப் பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிய ஒற்றைக் கண்ணிமை முடி. ஒவ்வொருவர் எழுந்ததும் ஸ்பிரிட்டில் பஞ்சை முக்கித் துடைப்பேன். பஞ்சு மஞ்சளாகும். அதைப் பார்க்காமல் தூக்கிப் போடக் கற்றுக்கொண்டிருந்தேன்.

அக்காவும் அந்த ஆராய்ச்சியில் ஒருத்தி. மூளைக்குப் போகும் இடதுபக்கக் குழாய் மண்டைக்குள்ளே, கத்தி எட்டாத இடத்தில் அடைபட்டிருந்தது. அதே குழாயின் கிளைதான் இடது கண்ணுக்கும் போகிறது. அந்தக் கண்ணில் ஒரு குழாய் ஏற்கனவே வெளுத்து நூலாகிவிட்டது. "இன்னொண்ணு அடைபட்டா அடுத்த அட்டாக் வாசல்ல நிக்குதுன்னு அர்த்தம். அது வந்தா ஆளே மிஞ்சமாட்டாங்கம்மா," என்றிருந்தார் பெரிய டாக்டர். அதனால் அடிக்கடி படம் எடுத்துப் பார்த்து மருந்தை மாற்றிக்கொண்டிருந்தோம். என் அக்காவின் உயிர் அந்தச் சிவப்பு நூல்களில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவளைக் காத்திருப்புக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, காமிரா அறைக்குள் போனேன். ஜன்னல் இல்லாத அறை. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. காலையில் முதல் வேலை சித்தப்பாவைப் படம் எடுப்பது.

சித்தப்பா என்பது ஒரு பிளாஸ்டிக் கண். காமிரா சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தினமும் அதைத்தான் முதலில் படம் எடுப்போம். முன்னால் கண்ணாடி வில்லை, உள்ளே தண்ணீர், பின்சுவரில் சிவப்பாய் வரைந்த நாலைந்து குழாய். எல்லார் வீட்டிலும் ஒரு சித்தப்பா மூலையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் வருகிறவர் போகிறவரையெல்லாம் முறைத்துக்கொண்டிருப்பாரே, அந்த ஞாபகத்தில் வைத்த பெயர்.

மூடியைத் திறந்தேன்.

சித்தப்பாவின் கண்ணில் பீளை தள்ளியிருந்தது.

வில்லையின் ஓரத்தில் மஞ்சளாய்க் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நடுவில் இன்னும் ஈரம். பஞ்சால் தொட்டதும் நூலாக இழுபட்டது. தூங்கி எழுந்த கண்ணின் அந்தப் புளித்த வாடை எனக்குத் தெரியும், வருஷக்கணக்காக முகர்ந்து பழகியது. பிளாஸ்டிக்கில் அந்த வாடை எப்படி வரும்?

நேரே பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே ஜாடி அண்ணன் இருப்பார். ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் இறந்துபோனால், எழுதிக் கொடுத்தபடி அவர்களுடைய கண்ணும் மூளையும் எங்களிடம் வரும். அவற்றை ஜாடியில் போட்டுப் பத்திரப்படுத்துவது அவர் பொறுப்பு. சித்தப்பாவுக்குள் தண்ணீர் குறைந்தால் திருகைக் கழற்றி நிரப்பி வைப்பதும் அவர்தான்.

"விளையாட ஆளில்லையாண்ணே உங்களுக்கு? சித்தப்பா மேல என்னத்தத் தடவி வச்சிருக்கீங்க?"

அவர் ஒரு கையில் டிபன் டப்பாவோடு நிமிர்ந்தார். அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட இவரால் மட்டும்தான் முடியும். "நான் ஏம்மா தடவப் போறேன்? தண்ணி கொறஞ்சிருந்துச்சு, ஊத்தி வச்சேன். அவ்வளவுதான்."

"பின்ன பீளை எங்கேர்ந்து வந்துச்சு?"

"பிளாஸ்டிக்குக்குப் பீளையா? நல்லா இருக்கு போ! நீ மொதல்ல ஏதாவது சாப்பிடு தங்கச்சி, வெறும் வயித்துல வந்திருக்க." டப்பாவை என் பக்கம் நீட்டினார். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

வில்லையைத் துடைத்துப் படம் எடுத்தேன். வரைந்த குழாய்கள் எப்போதும்போல் தடித்தடியாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, யாரும் வரையாத ஒன்று. முடியைப் போல மெல்லியது, நெளிந்து நெளிந்து ஏறியது. தண்ணீரில் ஏதோ விழுந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. அக்காவை அன்று அந்தக் காமிரா முன்னால் உட்காரவைக்கவில்லை. மிஷின் சரியில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

மற்றவர்களை அப்படி அனுப்ப முடியுமா? முதலில் வந்தவர் தையல்கடை அம்மா. அடிக்கடி தலைசுற்றல் வருகிறது என்று எங்களிடம் சேர்ந்தவர், வாய் ஓயாமல் பேசுகிற நல்ல மனுஷி. அவர் தாடையை வைத்தார். பச்சை விளக்கைப் பார்க்கச் சொன்னேன். பளீரென்று ஒளி அடித்தது. திரையில் அவருடைய விழித்திரை வந்தது.

அந்த மெல்லிய குழாய் அதிலும் இருந்தது.

பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் நிதானமான மனிதர். "மொதல்ல காமிராக் கண்ணாடியைச் சந்தேகப்படணும்மா. கண்ணை அசைக்கச் சொல்லி இன்னும் ரெண்டு படம் எடு. அந்தக் கோடு படத்துல அதே இடத்துல நின்னா கண்ணாடியில அழுக்கு. கண்ணோட சேந்து நகந்தா கண்ணுக்குள்ள இருக்கு."

எடுத்தேன். நகர்ந்தது.

"போன தடவை எடுத்த படத்துல இல்லையே," என்று முணுமுணுத்தார்.

எனக்கு அதற்குள் வேறொன்று உறைத்துவிட்டது. கண்ணின் குழாய்கள் கையெழுத்து மாதிரி. ஒருத்தருடையது இன்னொருத்தருக்கு வராது. இந்தக் குழாய், கண்ணிலிருந்து மூளைக்கு நரம்பு கிளம்பும் நரம்பு வட்டுக்குப் பக்கத்தில் தன்னையே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. அப்படிச் சுருண்ட குழாயை நான் ஒரே ஒருவர் கண்ணில்தான் பார்த்திருக்கிறேன். அவர் கண்டக்டர் ஐயா.

அவரை நினைத்தாலே இன்றும் எனக்கு வாய் கசக்கும். பஸ்ஸில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்த மனிதர். மறதி நோய் முற்றி எல்லாம் போன பிறகும் இரண்டு பழக்கம் மட்டும் போகவில்லை. ஒன்று, கட்டைவிரலை நாக்கில் வைத்து நனைப்பது. நாக்கு வெள்ளையாய்ப் பூத்திருக்கும், விரல் ஊறிச் சுருங்கியிருக்கும். அந்த விரலால் கதவுப்பிடியைத் தொடுவார், தாடைத் தாங்கியைத் தொடுவார். ஒருதடவை என் கன்னத்தைத் தொட்டுவிட்டார். தோல் உரியும் மட்டும் கழுவினேன். இன்னொன்று, காத்திருப்புக் கூடத்தை பஸ் என்று நினைத்து எல்லாரையும் நெருக்கித் தள்ளுவது. "உள்ள போங்க, உள்ள போங்க. உள்ள எடம் இருக்கு." பாவம், தனிக்கட்டை. கூட்டம் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. போன மாதம் இறந்துபோனார். அவருடைய கண்ணும் மூளையும் ஜாடி அண்ணனிடம் வந்தன.

அவருடைய பழைய படத்தை எடுத்துத் தையல்கடை அம்மாவின் படத்தின் மேல் வைத்தேன். சுருள் சுருளின்மேல் அப்படியே உட்கார்ந்தது.

டாக்டர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்ப்யூட்டர் பழைய படத்தைப் புதுப் படத்து மேல ஏத்துது. கோளாறு. ஆளை வரச்சொல்லிச் சரிபண்ணுவோம்."

அப்போது கூடத்திலிருந்து தையல்கடை அம்மாவின் குரல் கேட்டது. வழக்கமான குரல்தான். கொஞ்சம் அடைத்திருந்தது.

"உள்ள போங்க. உள்ள எடம் இருக்கு."

எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா நடுக்கூடத்தில் நின்று, கட்டைவிரலை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்க் காமிராவின் சுவிட்சை அணைத்தேன். சரிபண்ண ஆள் வரும்வரை யாரையும் அதன் முன்னால் உட்காரவைக்கவில்லை.

அடுத்த வாரம் அவருடைய கணவர் வந்தார். தலைசுற்றல் அறவே நின்றுவிட்டதாம், ரத்த ஓட்டம் இளவயசு மாதிரி இருக்கிறதாம். அதற்குச் சந்தோஷப்பட முடியாமல் மனிதர் துண்டால் வாயைப் பொத்தி அழுதார். "என்னை யாருன்னு கேக்கறாம்மா. காலையிலேர்ந்து வாசக்கதவுல நிக்கிறா. தெருவுல போறவங்களை எல்லாம் வீட்டுக்குள்ள இழுக்கறா. என் மூஞ்சியில எச்சக் கையை வச்சு, உள்ள போன்னு தள்ளறா."

நான் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஜாடி அண்ணனின் அறைக்குள் புகுந்தேன்.

"அண்ணே, கண்டக்டர் ஐயா கண்ணுலேர்ந்து எடுத்த நீர் எங்க?"

இறந்தவர்களின் கண்ணுக்குள் இருக்கும் கொழகொழ நீரை ஊசியால் உறிஞ்சி, பரிசோதனைக்கென்று பாட்டிலில் வைப்பார்கள். அவர் குளிர்பெட்டியைத் திறந்தார். தன் டிபன் டப்பாவை நகர்த்தினார். ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அது காலி.

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சொல்லுங்கண்ணே."

"ரெண்டும் ஒரே மாதிரி பாட்டில்மா... சுத்தத் தண்ணியும் இதுலதான் வச்சிருப்பேன். இடம் மாத்தினதுல எல்லாம் கலைஞ்சு கெடந்துச்சு." அவர் குரல் இறங்கிவிட்டது. "ஊத்தறப்ப கொஞ்சம் கொழகொழன்னு இருந்துச்சு. குளிர்ல ஒறைஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"சித்தப்பாவுக்குள்ளயா ஊத்தினீங்க?"

அவர் தலையாட்டினார். கையிலிருந்த டப்பாவை முதன்முறையாக அருவருப்போடு கீழே வைத்தார்.

காமிரா அறையிலிருந்து சித்தப்பாவை எடுத்துக்கொண்டு கைகழுவும் தொட்டிக்குப் போனேன். தூக்கும்போதே தெரிந்தது. பிளாஸ்டிக் இளஞ்சூடாக இருந்தது. கையுறை மேல் கையுறை போட்டுக்கொண்டு, திருகைக் கழற்றிப் பின்மூடியை இழுத்தேன்.

மூடி வரவில்லை. உள்ளேயிருந்து எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது.

பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். மார்புச் சளி பெயர்ந்து வருமே, அப்படி ஒரு சத்தம். மூடி கழன்றது. பாலின் மேல் ஆடை படிவதைப்போல உட்சுவர் முழுக்க ஒரு ஜவ்வு படர்ந்திருந்தது. ஜவ்வெங்கும் சிவப்பு நரம்பு. வரைந்த குழாய்களை அது மூடித் தின்றிருந்தது. நடுவில் அந்தச் சுருள், தடித்துப் போய், என் விரலளவுக்கு ஊதியிருந்தது. சீழும் பழைய எச்சிலும் கலந்த வாடை முகத்தில் அடித்தது.

சுருள் விம்மியது. அடங்கியது. மறுபடி விம்மியது.

பிளீச்சிங் பவுடரை அள்ளி அள்ளிக் கொட்டினேன். கொதிக்கும் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஜவ்வு சுருங்கி, பெயர்ந்து, தொட்டியின் துவாரத்தில் போய்த் தொங்கியது. போகமாட்டேன் என்று நூல்விட்டுக்கொண்டு நின்றது. பிரஷ்ஷால் குத்திக் குத்தித் தள்ளினேன். ஒருவழியாக அது உள்ளே போயிற்று. தரையிலிருந்த சாக்கடைத் துவாரத்தில் ஏதோ மெல்ல ஏப்பம் விட்டது.

ஒழிந்தது சனியன் என்று மூச்சுவிட்டேன்.

அந்தக் கணத்தில் காமிரா அறைக் கதவின் கீழே பளீரென்று வெளிச்சம் அடித்தது.

ஓடினேன். கதவைத் தள்ளினேன். டாக்டர் காமிராவின் பின்னால் குனிந்திருந்தார். எதிரே தாங்கியில் தாடையை வைத்து, இடது கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என் அக்கா.

"காலையில கண்ணுல திரை விழுந்த மாதிரி இருட்டிடுச்சாம்மா. தானே ஆட்டோ பிடிச்சு வந்திருக்காங்க," என்றார் டாக்டர். "கையைக் கண்ணுக்கு முன்னால எறக்கிச் சைகையில காட்டினாங்க. உன்னைத் தேடி நேரத்தை வீணாக்க முடியுமா? இன்னொரு குழாய் அடைபட்டிருந்தா ஒவ்வொரு நிமிஷமும்..."

நான் அவளைப் பிடித்து இழுத்தேன். அவள் தாடையிலிருந்து தாங்கிவரை ஒரு கொழகொழ நூல் இழுபட்டு அறுந்தது. நான் அதைக் கையால் துடைத்தேன், புடவைத் தலைப்பால் துடைத்தேன், துடைத்துக்கொண்டே அழுதேன்.

"அக்கா! அக்கா, என்னைப் பாரு. நான் யாரு? சொல்லு, நான் யாரு?"

அவள் கண்ணைச் சிமிட்டினாள். வாய் கோணி, திறந்து, மூடியது. அவள் கை மெல்ல மேலே வந்தது. கட்டைவிரல் நாக்குக்குப் போகிறது என்று நான் செத்தேன்.

கை என் தலையில் வந்து அமர்ந்தது.

"சோப்பு," என்றாள்.

நான் அவள் வாயையே பார்த்தேன்.

"ஏண்டி இப்படி அழற? மூக்கெல்லாம் ஒழுகுது பாரு. உனக்கே பிடிக்காதே." குரல் கரகரத்தது. பிறகு தெளிந்தது. வாயின் வலது ஓரமும் சேர்ந்து சிரித்தது. "ஐயோ... பேசறேனாடி? நான் பேசறேனா?"

அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நான் ஊளையிட்டு அழுதேன். அவள் விடாமல் பேசினாள். அம்மாவைப் பற்றி, ஆபீசில் அவள் நாற்காலியை யார் பிடித்துக்கொண்டார்கள் என்பதைப் பற்றி, சின்ன வயதில் நான் சோப்பைக் கடித்துத் தின்று நுரை கக்கியதைப் பற்றி. எல்லாம் அவள் பேச்சுதான். எங்கேயும் வேற்றாள் வாடை இல்லை. என் உடம்பு பூரித்துப்போயிற்று.

டாக்டர் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான் எழுந்து பார்த்தேன். அக்காவின் விழித்திரை. வெளுத்துப்போயிருந்த பழைய குழாய். புதிதாக அடைபட்ட இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே, நரம்பு வட்டிலிருந்து சுருண்டு எழுந்து, இரண்டு அடைப்பையும் தாண்டிப் பாலம் போட்டிருந்தது அந்தக் குழாய். செத்த நூல்களில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மதியமே தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்குள்ளும் அதே கதை. கத்தி எட்டாத அடைப்பைச் சுற்றி ஒரு புது வழி. அது எங்கிருந்து கிளம்புகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மாலையில் லேசர் அறையில் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இந்த மாதிரி புதுக் குழாயை நாங்க வழக்கமா லேசரால சுட்டுடுவோம். வளரவிடக்கூடாது. வேரே கண்ணுக்குள்ளதான் இருக்குன்னு தோணுது. சுட்டா எல்லாம் சேந்து வாடிடும்." காலடியில் இருந்த லேசர் மிதியைக் காட்டினார். "சுட்டா பேச்சு போகலாம். உயிரும் போகலாம். சுடலேன்னா... தையல்கடை அம்மாவைப் பாத்தீங்கல்ல. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க. எனக்குத் தெரியாது."

அக்காவுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கண்டக்டர், பாட்டில், ஜவ்வு, ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் தன் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "சீ," என்றாள். "உள்ள இருக்கா அது? என் கண்ணுக்குள்ளயா?" உடம்பு முழுக்க அவளுக்குச் சிலிர்த்தது.

பிறகு என்னைப் பார்த்தாள். "எனக்கு பயமா இருக்குடி. மறுபடி வெறும் 'அது'ன்னு சொல்லிட்டுக் கெடக்க என்னால முடியாது. வேற யாரோவாவும் இருக்க முடியாது. நீ சொல்லு சோப்பு. நீ என்ன சொன்னாலும் சரி."

"ஒருதடவை ஓடற படமா பாத்துடறேன் டாக்டர்," என்றேன்.

லேசரோடு சேர்ந்த காமிராவில் அவள் தாடையை வைத்தாள். தாங்கியை நானே நாலு தடவை துடைத்திருந்தேன். திரையில் அவளுடைய கண்ணின் பின்சுவர் நடுங்கி நடுங்கித் தெளிந்தது. அதன் நடுவே சுருள். விம்மி அடங்கிக்கொண்டிருந்தது. கண்ணின் குழாய்கள் இதயத்தோடு சேர்ந்து துடிப்பது உண்டு. அதில் அதிசயம் இல்லை.

நான் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

பயத்தில் அவள் நாடி படபடவென்று ஓடியது. சின்ன வயதில் இடிக்குப் பயந்து அவள் நெஞ்சில் காதை வைத்துப் படுத்திருக்கிறேன். எனக்கு அந்தத் துடிப்பு தெரியும்.

திரையில் இருந்தது மெதுவாகத் துடித்தது.

வேறு வேகம். வேறு யாருடையதோ. அவசரமே இல்லாமல், போக வேண்டிய இடம் வரட்டும் என்பதுபோல.

டாக்டரின் கால் லேசர் மிதியின் மேல் காத்திருந்தது. "சொல்லும்மா," என்றார்.

"சுடுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அசிங்கம் ஒரு கணம்கூட அவளுக்குள் இருக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

"கையை விட்டுடாதடி," என்றாள் அக்கா, தாடையை அசைக்காமல். "பதறாத. நான் லைன்லதான் இருக்கேன்."

இவளை நான் சுடச் சொல்வதா? இந்தக் குரலையா?

என் விரலுக்கடியில் நாடி நின்றது.

ஒரு துடிப்பு வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. அவள் விரல்கள் என் கையில் சில்லிட்டன. திரையில் சுருள் மட்டும் விம்மி அடங்கியது.

"அக்கா?"

பிறகு நாடி வந்தது. மெதுவாக வந்தது. திரையில் சுருள் விம்மும்போதெல்லாம் மணிக்கட்டில் ஒன்று. ஒன்றோடொன்று துளி பிசகவில்லை.

"என்னம்மா? சுடவா, வேண்டாமா?" டாக்டருக்கு எதுவும் தெரியவில்லை. நாடி என் கையில்தான் இருந்தது.

அக்கா காமிராவிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுடைய அதே சிரிப்பு. பயம் போன இடம் தெரியவில்லை. "முடிஞ்சுதா சோப்பு? வீட்டுக்குப் போலாமா?"

"வேண்டாம் டாக்டர்," என்றேன். "விட்டுடுங்க."

வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் கையை விடவில்லை. வீடு வந்து, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, அவளைக் கட்டிலில் உட்காரவைக்கும் வரைக்கும் அந்த நிதானமான துடிப்பை விரலில் பிடித்துக்கொண்டே இருந்தேன். படுத்ததும் அவள் தூங்கிப்போனாள். மூடிய இமைகளில் இடதுபக்க இமை மட்டும் லேசாகத் திறந்துகொண்டது. அவள் நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கண் தூங்கவில்லை. அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தது. பிறகு என் மேல் வந்து நின்றது.